அமுக்கிப் பார்க்காதீர்கள், அது உயிருள்ளது

நீர் வற்றும் நேரத்தில் மாணவர்களைப் பாறைக் கரைக்குக் கூட்டிப்போவதும் என் வேலைதான். "கடல் சாமந்தி எங்கே?" என்று கேட்பவர் பல நேரம் அதை மிதித்துக்கொண்டே நிற்பார். பூப்போல விரியும் கடல் பிராணி அது; அவர் தேடுவது படத்தில் பார்த்த அந்த விரிந்த பூவை. நீர் இறங்கியதும் அந்தப் பிராணி உணர்கொம்புகளை உள்ளே இழுத்துக்கொண்டு கொழகொழவென்று ஓர் உருண்டையாகிவிடும். சில இனங்கள் உடம்பெல்லாம் மணலையும் சிப்பித் துண்டுகளையும் ஒட்டிக்கொள்ளும். வெயிலில் காயாமலிருக்க அதுவும் ஒரு வழி.

விரலால் அமுக்கினால் தண்ணீர் பீய்ச்சும். பிள்ளைகளுக்கு ஒரே சிரிப்பு, பெரியவர்களுக்கும்தான். கடல் மறுபடி ஏறி வரும்வரை தாக்குப்பிடிக்க அது சேர்த்து வைத்திருக்கும் நீர் அது. ஒரு தடவை என்றால் சமாளிக்கும். விடுமுறை நாளில் வருகிறவர்களெல்லாம் ஆளுக்கொரு தடவை அமுக்கினால்?

பாறைக்குழியில் விரிந்திருப்பதைத் தொட்டால் விரலில் பிசுபிசுவென்று ஒட்டும். கொட்டும் செல்களிலிருந்து பாயும் நுண்ணிழைகளின் வேலை அது. விரல் தோல் தடிமன் என்பதால் பல இனங்கள் கொட்டுவது நமக்கு உறைப்பதில்லை. உதடும் கண்ணும் அப்படியல்ல. கடுமையாகக் கொட்டும் இனங்களும் உண்டு. கொட்டிவிட்டால் தேய்க்காமல் கடல்நீராலேயே அலசுங்கள். நல்ல தண்ணீர் மிச்சமிருக்கும் செல்களையும் கிளப்பிவிடலாம். மூச்சுத் திணறினால் நேரே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

அப்புறம், பெயர்த்தெடுத்துத் தொட்டியில் வளர்க்கும் ஆசை. இயற்கையியலாளர் சர் ஜான் டேலியல் 1828இல் ஸ்காட்லாந்துக் கரையில் எடுத்த ஒரு சிவப்புக் கடல் சாமந்தியை இதற்குச் சாட்சிக்கு அழைப்பார்கள். 'பாட்டி' என்று பெயர் வாங்கிய அது, அவர் 1851இல் இறந்த பிறகும் கைமாறிக் கைமாறி 1887 வரை ஜாடியில் வாழ்ந்தது. உண்மைதான், ஆனால் விஷயம் தெரிந்தவர்கள் கடல்நீரை மாற்றி மாற்றிப் பராமரித்தார்கள். கத்தியால் நெம்பினால், பாறையைப் பிடித்திருக்கும் அடித்தட்டே பெரும்பாலும் கிழிந்துவிடும். எனக்கு அந்தக் கதை சொல்வது வேறு: நீங்கள் பெயர்க்கப் பார்ப்பது உங்களைவிட மூத்ததாகக்கூட இருக்கலாம்.

பார்க்க ஆசையா? குழி ஓரத்தில் நிழல் விழாமல் குந்துங்கள். இந்தச் சிவப்பு இனத்தில் உணர்கொம்புகளுக்குக் கீழே நீலமணிகள் வரிசையாகத் தெரியும். பக்கத்துச் சாமந்தி நெருங்கினால் அந்த மணிகளை உப்பவைத்து, சாய்ந்து, எதிராளி மேல் ஒற்றும். கொட்டும் தோலே உரிந்து அங்கே ஒட்டிக்கொள்ளும். தோற்றது நகர்ந்துபோகும். பொறுமை வேண்டும், சண்டை அவ்வளவு மெதுவாக நடக்கும். கல்லைப் புரட்டினால் அடிப்பக்கம் அடியிலேயே இருக்கும்படி, பழைய இடத்திலேயே வைத்துவிடுங்கள்.