பிளஸ் ஒன் கால்குலஸ்: சறுக்குவது எங்கே?

பிளஸ் ஒன் வகுப்பு தொடங்கிச் சில வாரங்களிலேயே இயற்பியல் ஆசிரியர் இரண்டாம் அலகான இயக்கவியலுக்கு வந்துவிடுவார். திசைவேகம் என்றால் ‘டீஎஸ் பை டீடி’ என்று கரும்பலகையில் எழுதுவார். நேரத்தோடு இடப்பெயர்ச்சி மாறும் வீதம் என்று அதற்குப் பொருள். மாநிலப் பாடத்திட்டக் கணக்குப் புத்தகத்தில் அதே விஷயம், அதாவது கால்குலஸ் என்னும் நுண்கணிதம், இரண்டாம் தொகுதியில், 9, 10ஆம் அத்தியாயங்களில்தான் இருக்கிறது. கணக்கு வகுப்பு அங்கே போய்ச் சேர மாதக்கணக்கில் ஆகும். இயற்பியல் புத்தகம் இதற்காகவே சில பக்கங்களில் வகை நுண்கணிதத்தையும் தொகை நுண்கணிதத்தையும் தொட்டுக்காட்டுகிறது. வகுப்பில் அந்தப் பக்கங்கள் ஓடும் வேகத்தில் மாணவர் மனதில் தங்குவது ஒரு மந்திரம்: ‘பவரை முன்னாடி கொண்டு வா, பவர்ல ஒண்ணு குறை.’ எக்ஸ் ஸ்கொயர் 2எக்ஸ் ஆகிவிடும்.

அந்த மந்திரம் பலித்துவிடுவதுதான் தொல்லை. விடை சரியாக வருவதால், என்ன செய்கிறோம் என்று கேட்கத் தோன்றுவதில்லை. கணக்கு ஆசிரியர் பிறகு ‘எல்லை’ என்று தொடங்கும்போது, “இது எதுக்கு சார், நேரா போட்டாலே வருதே” என்ற அலுப்பு வந்துவிடும். ஒரு வகுப்பு நேரம் செலவழித்தால் இந்த அலுப்பைத் தவிர்க்கலாம். தேவை ஒரு கல்லும் ஒரு கால்குலேட்டரும்.

மேலிருந்து விழும் கல், புவியீர்ப்பு முடுக்கம் 10 என்று வைத்தால், விழுந்த தூரம் 5 பெருக்கல் நேரத்தின் வர்க்கம். சரியாக 2ஆவது விநாடியில் அதன் வேகம் என்ன? 2இலிருந்து 2.1 விநாடிக்குள் விழுந்தது 5 × (4.41 − 4) = 2.05 மீட்டர். அதை 0.1ஆல் வகுத்தால் 20.5. இடைவெளியை 0.01 ஆக்கினால் 20.05. 0.001 என்றால் 20.005. பின்பக்கமிருந்தும் வர வேண்டும்: 1.9இலிருந்து 2 வரை 19.5, 1.99இலிருந்து 19.95. இரண்டு பக்கமிருந்தும் நெருங்குவது 20ஐத்தான். இடைவெளியைப் பூஜ்ஜியமாகவே போட்டால் கிடைப்பது 0 ÷ 0, அதற்கு விடை கிடையாது. எல்லை என்ற சொல்லுக்குள் இருப்பது இவ்வளவுதான். இந்தப் பட்டியலை மாணவர் தன் கையால் ஒரு முறை போட்டிருக்க வேண்டும். ஆசிரியர் போட்டுக்காட்டினால் போதாது.

பிறகு இடைவெளியை ‘எச்’ என்று எழுதினால் அதே கணக்கு 20 + 5எச் என்று சுருங்கும். இங்கே கவனமான மாணவர் ஒருவராவது கேட்பார்: “கடைசியில எச்-ஐ ஜீரோ ஆக்கப்போறோம், அப்புறம் எப்படி எச்-ஆல அடிச்சீங்க?” நல்ல கேள்வி. எச் எங்கே போகிறது என்பதுதான் பேச்சு. அது பூஜ்ஜியமாகவே இருப்பதில்லை. அதனால் அடிக்கலாம். அடித்து முடித்த பிறகுதான் அது எதை நெருங்குகிறது என்று பார்க்கிறோம். வரிக்கு வரி ‘லிமிட்’ என்று எழுதச் சொல்வதும் இதற்காகத்தான். நடுவில் அதை விட்டுவிட்டால், பூஜ்ஜியத்தால் வகுத்ததாகத்தான் அந்த வரிக்குப் பொருள்.

இனி, நிஜமாகவே சறுக்கும் இடம். இப்படி எச் வைத்து, எல்லை கண்டு, மாறும் வீதத்தை (அதுதான் வகைக்கெழு) காண்பதற்கு முதற்கொள்கை என்று பெயர். அந்தக் கணக்கில் தவறு வந்தால், பெரும்பாலும் அது 9, 10ஆம் வகுப்பு இயற்கணிதத்தில்தான் இருக்கும். ஒன்றின் கீழ் (3 + எச்), அதிலிருந்து ஒன்றின் கீழ் 3: இந்தக் கழித்தலைச் செய்யத் தெரியாதவருக்கு எல்லை பற்றி எவ்வளவு சொல்லியும் பயனில்லை. அதேபோல 4 + எச்-இன் வர்க்கமூலத்திலிருந்து 2ஐக் கழித்து, எச்-ஆல் வகுக்கும் கணக்கு. மேலும் கீழும் ‘வர்க்கமூலம் கூட்டல் 2’ஆல் பெருக்கினால் தொகுதியில் எச் மட்டும் மிஞ்சும், விடை ¼. அடுக்குக்குறியும் அப்படித்தான். ஒன் பை ரூட் எக்ஸ் என்பதை எக்ஸ் பவர் மைனஸ் அரை என்று மாற்றியவர், அடுத்த வரியில் மைனஸ் அரையிலிருந்து ஒன்றைக் கழித்து −3/2 என்று எழுதாமல் ½ என்று எழுதிவிடுவார். மதிப்பெண் போனது கால்குலஸில் என்று வீட்டில் நினைப்பார்கள். டியூஷன் வைத்தாலும் கால்குலஸுக்கே வைப்பார்கள். பத்தாம் வகுப்பு விடுமுறையில் தினம் 20 நிமிடம் பின்னம், அடுக்கு, விரிவாக்கம் என்று மூன்று வாரம் போட்டுப்பார்ப்பது அதைவிட மலிவு.

சைன் எக்ஸ் பை எக்ஸ்-இன் எல்லை 1 என்பது எல்லோருக்கும் மனப்பாடம். வீட்டில் மொபைல் கால்குலேட்டரில் சரிபார்ப்பவருக்கு வேறு எண் வரும். டிகிரி நிலையில் சைன் 0.1ஐ 0.1ஆல் வகுத்தால் 0.01745 கிடைக்கும். ரேடியனுக்கு (180 டிகிரியைப் பை என்று கொள்ளும் கோண அளவு) மாற்றினால் 0.998. அந்த 0.01745 வேறொன்றுமில்லை, பையை 180ஆல் வகுத்த எண். கோணத்தை ரேடியனில் அளந்தால்தான் சைனின் வகைக்கெழு வெறும் காஸ் ஆகும். டிகிரியில் அளந்தால் ஒவ்வொரு முறையும் இந்த எண் கூடவே ஒட்டிக்கொண்டு வரும்.

வகைக்கெழு காணும் விதிகளில் அதிகம் காலை வாருவது, ஒன்றுக்குள் ஒன்றாக இருக்கும் கோவைகளுக்கான சங்கிலி விதி. 3எக்ஸ் + 1, ஹோல் ஸ்கொயர்: வகையிட்டால் 2 × (3எக்ஸ் + 1) என்று எழுதி நிறுத்திவிடுவார்கள். விரித்துப் பார்த்தால் 9எக்ஸ் ஸ்கொயர் + 6எக்ஸ் + 1. அதன் வகைக்கெழு 18எக்ஸ் + 6, அதாவது 6 × (3எக்ஸ் + 1). விட்டுப்போனது ஒரு 3. எக்ஸ் ஒரு அடி நகர்ந்தால் அடைப்புக்குறிக்குள் இருப்பது மூன்று அடி நகர்கிறது, அந்த 3தான் இது. சைன் ஸ்கொயர் எக்ஸும், சைன் ஆஃப் எக்ஸ் ஸ்கொயரும் குழம்பினால் ஒரு கேள்வி போதும்: எக்ஸுக்கு 2 கொடுத்துக் கால்குலேட்டரில் போட்டால் கடைசியாக எந்தப் பட்டனை அழுத்துவோம்? முதலாவதில் கடைசி வேலை வர்க்கம், இரண்டாவதில் சைன். கடைசி வேலையை முதலில் வகையிட வேண்டும், பிறகு உள்ளே போக வேண்டும்.

வகையிடலைத் திருப்பிச் செய்யும் தொகையிடலுக்கு வந்தால் பிழையின் முகம் மாறுகிறது. உள்ளே 3எக்ஸ் + 1 இருந்தால் 3ஆல் வகுப்பது சரி, ஏனென்றால் 3 மாறிலி, தொகையீட்டுக்கு வெளியே எடுக்கலாம். அதே பழக்கத்தில், உள்ளே எக்ஸ் ஸ்கொயர் + 1 இருக்கும்போது 2எக்ஸால் வகுத்துவிடுகிறார்கள். எக்ஸ் மாறிலி இல்லை, வெளியே வராது. இதைக் கண்டுபிடிக்க ஆசிரியர் தேவையே இல்லை: விடையை வகையிட்டுப் பார்த்தால் கேள்வி திரும்பி வர வேண்டும். தொகையிடல் கணக்கு ஒவ்வொன்றையும் இப்படிச் சோதிக்கும் பழக்கம், கூடுதலாக ஒரு வழிகாட்டி நூல் வாங்குவதைவிட உதவும். விடையின் கடைசியில் எழுதும் ‘பிளஸ் சி’ ஏன் என்பதும் அப்போதே தெரிந்துவிடும். வகையிடும்போது காணாமல் போன மாறிலியைத் திரும்பக் கண்டுபிடிக்க வழியில்லை.

தொகையீட்டுக் குறி, கால்குலஸை உருவாக்கியவர்களில் ஒருவரான லைப்னிட்ஸ் 1675இல் எழுதிய நீட்டிய ‘எஸ்’. கூட்டல் என்று பொருள். பிளஸ் ஒன் புத்தகம் மேலும் கீழும் எண் இல்லாத, வரையறுக்காத தொகையீட்டோடு நின்றுவிடுவதால் இந்தக் கூட்டல் வெளியே தெரிவதில்லை. 12இல் பரப்பளவு வரும்போது அதிர்ச்சியாக இருக்கும். 0 முதல் 2பை வரை சைனைத் தொகையிட்டால் 0. ஆனால் பரப்பளவு 4. அச்சுக்குக் கீழே இருக்கும் பகுதி மைனஸாகக் கூடுகிறது. படம் வரையாமல் பரப்பளவுக் கணக்கைத் தொடவே கூடாது.

சில பள்ளிகளில் பிளஸ் ஒன் பாடத்தை ஒப்புக்கு முடித்துவிட்டு 12க்குத் தாவும் வழக்கம் இருக்கிறது. கால்குலஸில் அது எடுபடாது. 12ஆம் வகுப்பு இரண்டாம் தொகுதியின் முதல் நான்கு அத்தியாயங்களும் (7 முதல் 10 வரை) பிளஸ் ஒன் வகையிடல், தொகையிடல் மேல்தான் நிற்கின்றன. சிபிஎஸ்இ 12இல் 80க்கு 35 மதிப்பெண் கால்குலஸ். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 ஒழுங்குமுறையில் முதல் பருவக் கணிதத் தாளின் பெயரே ‘மேட்ரிசஸ் அண்ட் கால்குலஸ்’ என்று இருந்தது. வணிகவியல் பிரிவினரும் தப்ப முடியாது; வணிகக் கணிதத்தில் இறுதிநிலைச் செலவு என்பது மொத்தச் செலவின் வகைக்கெழுதான்.

தமிழ்வழியில் படிப்பவர்களுக்குக் கூடுதலாக ஒன்று. வகைக்கெழு என்றால் டெரிவேட்டிவ், வகையீடு என்றால் டிஃபரன்ஷியல். இரண்டும் வேறு வேறு. எல்லை என்ற சொல் ‘லிமிட்’டுக்கும், தொகையீட்டின் மேலும் கீழும் எழுதும் எண்களுக்கும் பொதுவாக வருகிறது. கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் இந்தச் சொற்களைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் எதிரெதிரே எழுதிக்கொண்டே வந்தால், வருடக் கடைசியில் முப்பது நாற்பது சொல் சேர்ந்திருக்கும். கல்லூரி முதல் வாரத்தில் அந்த ஒரு பக்கத்தைக் கையோடு எடுத்துப் போகலாம்.