ஃபிளாப்பியை முதலில் படமாக்கிப் பாருங்கள்

பழைய வட்டுகளிலிருந்து கோப்புகளை மீட்டுக் கொடுப்பது என் தொழில். இந்த வேலைக்கு வந்த புதிதில், ஒருவர் கொண்டுவந்த 3.5 அங்குல ஃபிளாப்பியை இமேஜ் எடுத்தேன், அதாவது டிஸ்க்கில் இருப்பதையெல்லாம் அப்படியே ஒரே கோப்பாக நகலெடுத்தேன். கிடைத்த கோப்பின் அளவு 14,74,560 பைட். 1.44 எம்பி டிஸ்க்குக்கு இருக்க வேண்டிய அளவு அதேதான், ஒரு பைட்கூடக் குறையவில்லை. சரி, முழுசாக வந்துவிட்டது என்று ஒப்படைத்துவிட்டேன். சில நாளில் அவர் திரும்பி வந்தார். அவருடைய அப்பா தட்டச்சு செய்து வைத்திருந்த நீண்ட கட்டுரையில் நடுப்பகுதியைக் காணவில்லை. படிக்க முடியாத செக்டர்களில் (டிஸ்க்கில் தரவு பிரித்து வைக்கப்படும் சிறு துண்டுகளில்) எல்லாம் பூஜ்யத்தை நிரப்பிவிட்டு என் மென்பொருள் மேலே போயிருந்தது. அவர் டிஸ்க்கைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்ததால் இரண்டாவது முறை முயல முடிந்தது.

அதற்குப் பிறகு, எந்த ஃபிளாப்பியையும் படமாக்கிப் பார்க்காமல் ‘முடிந்தது’ என்று நான் யாரிடமும் சொன்னதில்லை. இதற்குப் பெரிய மென்பொருள் எதுவும் வேண்டாம். பைத்தானில் பத்து வரி ஸ்கிரிப்ட் போதும்.

கணக்கு எளிது. டிஸ்க்கின் ஒரு பக்கத்துக்கு 80 டிராக் (வட்டத் தடம்), இரண்டு பக்கம், டிராக்குக்கு 18 செக்டர், செக்டருக்கு 512 பைட். மொத்தம் 2,880 செக்டர். ஆகவே 512 புள்ளி அகலமும் 2,880 புள்ளி உயரமும் உள்ள படம் ஒன்றை எடுத்துக்கொண்டால், ஒவ்வொரு வரியும் ஒரு செக்டர். பைட்டின் மதிப்பு 0 முதல் 255 வரை. சாம்பல் நிறப் படத்தில் கறுப்பிலிருந்து வெள்ளை வரை உள்ள படிகளும் அவ்வளவே. மாற்ற வேண்டியது எதுவும் இல்லை. பிஜிஎம் என்ற பழைய பட வடிவத்தில், தொடக்கத்தில் ‘பி5’ என்ற குறியையும் அகலம், உயரம், 255 ஆகிய மூன்று எண்களையும் எழுதிவிட்டு, அதன் பின்னால் டிஸ்க் இமேஜை அப்படியே ஒட்டிவிட்டால் படம் தயார்.

அந்தப் படத்தைப் பெரிதாக்கி மேலிருந்து பாருங்கள். முதல் வரி பூட் செக்டர், அதாவது டிஸ்க்கின் அமைப்பைச் சொல்லும் தொடக்கத் துண்டு. அடுத்த ஒன்பது வரிகளும் அதற்கடுத்த ஒன்பதும் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருக்கும்: எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்ற அட்டவணையை ஃபிளாப்பி இரண்டு பிரதியாக வைத்திருக்கிறது. இரண்டுக்கும் வேறுபாடு தெரிந்தால் ஏதோ ஒன்று கெட்டிருக்கிறது என்று பொருள். அதன் கீழே 14 வரிகளில் கோப்புப் பெயர்கள். ஒவ்வொரு பெயருக்கும் 32 பைட் என்பதால், இந்தப் பகுதி நெய்த துணியின் கரைபோலச் சீரான பத்திகளாகத் தெரியும். அதற்குப் பிறகுதான் கோப்புகள். ஆங்கில உரை அடர்சாம்பல் நிறத்தில் மணல் தூவியதுபோல இருக்கும். சுருக்கப்பட்ட கோப்பு, எந்த ஒழுங்கும் இல்லாத இரைச்சல். ஃபார்மட் செய்து எதுவும் எழுதாத இடத்தில் வழக்கமாக 246 என்ற மதிப்பு இருக்கும், அதனால் அது கிட்டத்தட்ட வெள்ளை.

இவற்றுக்கு நடுவே கருங்கட்டையாக ஒரு பட்டை வந்தால் அங்கே நிற்க வேண்டும். உண்மையாகவே பூஜ்யங்கள் எழுதப்பட்ட இடமா, படிக்க முடியாமல் நிரப்பப்பட்ட ஓட்டையா? வெறும் இமேஜ் கோப்பு இதற்குப் பதில் சொல்லாது. அதனால்தான் டிடிரெஸ்க்யூ போன்ற கருவியைப் பயன்படுத்தச் சொல்கிறேன். எந்தப் பகுதி கிடைத்தது, எது கிடைக்கவில்லை என்று அது தனியாக ஒரு மேப் கோப்பில் எழுதி வைக்கும். ஸ்கிரிப்டில் அந்தக் கோப்பையும் சேர்த்துப் படித்து, சாம்பல் படத்தை வண்ணப் படமாக மாற்றிக்கொண்டு, கிடைக்காத செக்டர்களுக்குச் சிவப்பு அடித்துவிடுங்கள்.

அப்புறம், வட்டப் படம். நான் அதிகம் நம்புவது இதைத்தான். டிராக் எண் ஆரம், டிஸ்க் சுற்றும் நேரம் கோணம். நிமிடத்துக்கு 300 சுற்று, அதாவது ஒரு சுற்றுக்கு 200 மில்லிவினாடி. கிரீஸ்வீசல், கிரையோஃப்ளக்ஸ் மாதிரியான கருவிகள் காந்தத் திசை மாறும் ஒவ்வொரு தருணத்தையும் நேரத்தோடு பதிவு செய்கின்றன. யூஎஸ்பி ஃபிளாப்பி டிரைவில் இது நடக்காது. பட்டை கேபிள் போடும் பழைய டிரைவ் வேண்டும். அந்தப் பதிவை வட்டமாக வரைந்தால் டிஸ்க்கின் மேற்பரப்பே கண்முன் வந்து நிற்கும். நடுவிலிருந்து விளிம்பை நோக்கி ஒரே கோணத்தில் சிவப்புக் கோடு ஓடினால் மடிப்பு. முழு வளையமாக வந்தால் கீறல். திட்டுத்திட்டாக இருந்தால் பூஞ்சையைச் சந்தேகிக்கிறேன். உள் டிராக்குகளில் மட்டும் பிழை கூடினால் வியப்பில்லை, அங்கே சுற்றளவு குறைவு, அதே தரவு நெருக்கமாக உட்கார்ந்திருக்கிறது.

ஒரு பக்கம் நன்றாக வந்துகொண்டிருந்து, 40ஆவது டிராக்குக்கு மேல் எல்லாமே சிவப்பு என்றால்? பெரும்பாலும் டிஸ்க்கில் கோளாறு இல்லை. வழியில் உதிர்ந்த துகள் டிரைவின் ஹெட்டில் (படிக்கும் முனையில்) ஒட்டிக்கொண்டிருக்கிறது. உடனே நிறுத்துங்கள். ஃபிளாப்பியில் ஹெட் பரப்பைத் தொட்டபடியேதான் படிக்கிறது, அழுக்கோடு தொடர்ந்தால் எஞ்சிய டிராக்குகளையும் அது சுரண்டிவிடும். ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் ஹெட்டைத் துடைத்துவிட்டு மீண்டும் தொடங்கினால் அந்தப் பக்கம் சுத்தமாக வந்த அனுபவம் எனக்குப் பலமுறை உண்டு. படம் இல்லாமல் ‘மறுபடி முயல்’ பொத்தானையே அழுத்திக்கொண்டிருந்தால் அந்த டிஸ்க் போயிருக்கும்.

சில எச்சரிக்கைகள். டிரைவில் போடுமுன் தகட்டு மூடியை நகர்த்தி வெளிச்சத்தில் பாருங்கள். வெண்பூச்சு தெரிந்தால் போடாதீர்கள், அந்த டிரைவில் அடுத்து வரும் டிஸ்க்குக்கும் அது பரவும். எழுதுதடை ஓட்டை திறந்திருக்கிறதா என்று உறுதி செய்யுங்கள். ‘டிஸ்க் ஃபார்மட் ஆகவில்லை, ஃபார்மட் செய்யவா’ என்று கணினி கேட்டால் ஒருபோதும் சம்மதிக்காதீர்கள்.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். ‘காலி டிஸ்க்’ என்று ஒருவர் கொடுத்ததில் பெயர்ப் பட்டியல் வெறுமையாகத்தான் இருந்தது. படத்திலோ பாதிக்கு மேல் மணல் தூவல். கோப்பை அழித்தால் பெயரின் முதல் எழுத்து மாறும், அட்டவணையில் அதன் இடம் விடுவிக்கப்படும். உள்ளே இருப்பது அப்படியே கிடக்கும். அந்த டிஸ்க்கில் தனிப்பட்ட கடிதங்கள் இருந்தன.

இதே காரணத்தால், இந்தப் படங்களை அழகாக இருக்கிறதே என்று இணையத்தில் போடுபவர்களைப் பார்த்தால் எனக்குப் பதறுகிறது. பைட்டுக்கு ஒரு புள்ளி என்று வரைந்து பிஎன்ஜியாக ஏற்றிய படம், டிஸ்க்கின் முழுப் பிரதி. இறக்கிக்கொள்ளும் யாரும் அதிலிருந்து ஒவ்வொரு கோப்பையும் திரும்ப எடுக்கலாம், அழித்தவை உட்பட. காட்டத்தான் வேண்டுமென்றால், செக்டரின் 512 பைட்டுகளுக்கும் சேர்த்துச் சராசரி கண்டு ஒரே ஒரு புள்ளி வையுங்கள். 80 பத்தி, 36 வரி. டிஸ்க்கின் உடல்நிலை அதில் நன்றாகவே தெரியும், கடிதங்களைப் படிக்க முடியாது.