கிரிப்டோ மோசடி: போலீஸ் பணம் எதற்குச் செலவாகிறது?

சைபர் கிரைம் வழக்குகளில் ஆஜராகிற வக்கீல் நான். பணத்தை இழந்து வருகிறவர்கள் பலரும் கேட்பது இதுதான்: "பிளாக்செயின்ல எல்லாம் பதிவாகுதுங்கிறாங்களே சார், அப்புறம் போலீசுக்கு என்ன கஷ்டம்?"

பிளாக்செயின் என்கிற பொதுப் பதிவேட்டில் ஒவ்வொரு கிரிப்டோ பரிமாற்றமும் பதிவாவது உண்மைதான். டிரான் என்கிற பிளாக்செயின் வழியாகப் போன யுஎஸ்டிடி (டாலர் மதிப்போடு இணைந்த கிரிப்டோ நாணயம்) எந்த வாலட் முகவரிக்குப் போனது, அங்கிருந்து எங்கே போனது என்று டிரான்ஸ்கேன் தளத்தில் யாரும் பைசா செலவில்லாமல் பார்க்கலாம். அந்த முகவரி யாருடையது என்பதுதான் பெரும்பாலும் தெரியாது. அதற்காகத்தான் பல நாட்டுக் காவல்துறைகள் செயினாலிசிஸ், எலிப்டிக், டிஆர்எம் லேப்ஸ் மாதிரி நிறுவனங்களுக்குச் சந்தா கட்டுகின்றன. அவர்களுடைய மென்பொருளும் இந்த முகவரி இன்ன எக்ஸ்சேஞ்சை (கிரிப்டோ வாங்கி விற்கும் நிறுவனம்) சேர்ந்தது என்பதுவரைதான் சொல்லும். ஆளின் பெயர், கேஒய்சி, பணம் இறங்கிய வங்கிக் கணக்கு எல்லாம் அந்த எக்ஸ்சேஞ்சுக்கு நோட்டீஸ் அனுப்பித்தான் வாங்க வேண்டும். 2023 மார்ச்சில் சட்டவிரோதப் பணப் பரிமாற்றத் தடுப்புச் சட்டத்துக்குள் கிரிப்டோ சேவைகளும் வந்துவிட்டதால் இங்கே பதிவான எக்ஸ்சேஞ்சுகளிடம் கேட்டு வாங்க வழி இருக்கிறது, வெளிநாட்டில் இருந்தால் காத்திருப்புதான்.

இந்த மென்பொருள்களின் லைசென்ஸ் விலையை மட்டும் பார்த்து "இவ்வளவா?" என்று கேட்பதில் அர்த்தமில்லை. உண்மையான செலவு ஆள், நேரம். லண்டன் மாநகரக் காவல்துறை 2018-இல் தொடங்கிய விசாரணையில் 61,000 பிட்காயினைக் கைப்பற்றியது, சீனாவில் 2014 முதல் 2017 வரை 1,28,000-க்கும் அதிகமானவர்களை ஏமாற்றிச் சேர்த்த பணத்தில் வந்தவை அவை; முக்கியக் குற்றவாளி நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டது 2025 செப்டம்பரில்தான். விசாரணை தொடங்கி ஏழு வருடம்!

இதில் உங்கள் பங்கும் இருக்கிறது. என்னிடம் வருகிற ஸ்கிரீன்ஷாட்டுகளில் முதல் நாலு எழுத்து, நடுவில் புள்ளிகள், கடைசி நாலு எழுத்து என்றுதான் வாலட் முகவரி இருக்கும், அதை மட்டும் வைத்துக்கொண்டு தேடுவது கஷ்டம். முழு முகவரியையும் 64 எழுத்து-எண் கொண்ட பரிவர்த்தனை ஐடியையும் காப்பி செய்து புகாரில் டைப் செய்தே கொடுங்கள், மோசடிக்காரர்களோடு நடந்த சாட் உரையாடலை அழிக்காதீர்கள். வங்கியிலிருந்தோ யுபிஐயிலோ பணம் போயிருந்தால் எனக்குப் போன் செய்வதற்கு முன் 1930 என்கிற சைபர் கிரைம் உதவி எண்ணுக்குப் போன் செய்யுங்கள், கிரிப்டோவாக மாறுவதற்குள் அந்தக் கணக்கை முடக்க வாய்ப்பு உண்டு. யுஎஸ்டிடியாக மாறிய பிறகும், அதை வெளியிடுகிற டெதர் நிறுவனத்தால் குறிப்பிட்ட முகவரியில் இருப்பதை முடக்க முடியும். பிட்காயினில் அப்படிக் கேட்க யாருமே இல்லை.

புகார் கொடுத்த பிறகு டெலிகிராமில் ஒருவர் வருவார், "எங்ககிட்ட டிரேசிங் டூல் இருக்கு, 10 சதவீதம் முன்பணம் கட்டினா மீட்டுத் தர்றோம்" என்பார். முதலில் ஏமாற்றிய அதே கும்பலாகவும் இருக்கலாம். முன்பணம் கட்டாதீர்கள், அந்த நம்பரையும் புகாரில் சேர்த்துவிடுங்கள்.