அச்சு அசல் நகல், ஆனால் பூட் ஆகவில்லை

என் மச்சான் மளிகைக் கடை வைத்திருக்கிறார். பில் போடும் கம்ப்யூட்டரைக் காலையில் ஆன் செய்துவிட்டு, வாசல் தெளித்து, சாமி படத்துக்குப் பூ வைத்து, ஊதுபத்தி ஏற்றிவிட்டு வந்து பார்த்தாலும் திரையில் அந்த வட்டம் சுற்றிக்கொண்டுதான் இருக்கும். உள்ளே இருப்பது பத்து வருடப் பழைய 500 ஜிபி ஹார்டு டிஸ்க். புதிதாக ஒரு 480 ஜிபி எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாத, வேகமான டிஸ்க்) வாங்கி என் கையில் கொடுத்தார். “அப்படியே இதுக்கு மாத்திக் குடுங்க மாப்ளே. ஒரு சாப்ட்வேரையும் மறுபடி போடக் கூடாது.”

இந்த ‘அப்படியே’ என்ற சொல்லில்தான் வம்பு எல்லாம் இருக்கிறது.

டிஸ்க் என்பது வரிசையாக எண் போட்ட பெட்டிகள். ஒவ்வொரு பெட்டியும் 512 பைட் கொண்ட ஒரு செக்டர். முதல் பெட்டியிலிருந்து கடைசிப் பெட்டிவரை உள்ளதை எடுத்து, இன்னொரு டிஸ்கில் அதே எண்ணுள்ள பெட்டியில் வைத்தால் குளோன் முடிந்தது. இதில் என்ன சிக்கல் வரப்போகிறது? பெட்டிகளில் நம் கணக்கும் போட்டோக்களும் மட்டும் இருந்தால் ஒன்றும் வராது. ஆனால் டிஸ்க் தன்னைப் பற்றியும் சில விஷயங்களை எழுதி வைத்திருக்கிறது: என் பெயர் இது, என்னிடம் இத்தனை பெட்டிகள், விண்டோஸ் இந்த எண்ணில் தொடங்குகிறது என்று. பழைய டிஸ்க் தன்னைப் பற்றிச் சொன்ன உண்மையை வரி மாறாமல் புது டிஸ்கில் எழுதினால், அதில் பாதி பொய்யாகிவிடுகிறது. குளோனிங்கில் வரும் தலைவலிகளில் பெரும்பங்கு இங்கிருந்துதான் வருகிறது.

முதல் தடங்கல் ஐந்தாவது நிமிடத்திலேயே வந்தது. ‘போகவேண்டிய டிஸ்க் சிறியது’ என்றது மென்பொருள். 500 ஜிபி என்று விற்கும் டிஸ்கில் 97,67,73,168 செக்டர்கள். கம்பெனிகள் தங்களுக்குள் ஒத்துக்கொண்ட ஒரு கணக்கு இருப்பதால், யாருடைய டிஸ்க்கை வாங்கினாலும் பெரும்பாலும் இதே எண்தான். 480 ஜிபி எஸ்எஸ்டியில் 93,77,03,088. கிட்டத்தட்ட நான்கு கோடி பெட்டிகள் குறைவு, அதாவது 20 ஜிபி. கடையின் தரவோ மொத்தமே 170 ஜிபிதான். ஆனால் செக்டர் செக்டராக நகல் எடுப்பவனுக்கு நிறைந்த பெட்டி, காலிப் பெட்டி என்ற வேறுபாடு தெரியாது. அது தெரிந்த மென்பொருள்களும் உண்டு. தைவானில் உருவான குளோன்சில்லா, எந்தக் கோப்பு எந்தப் பெட்டியில் என்று குறித்து வைக்கும் ஃபைல் சிஸ்டத்தின் கணக்கைப் படித்துப் பயன்பாட்டில் உள்ள பகுதியை மட்டும் எடுக்கும். அதுகூட, பார்ட்டிஷனின் (டிஸ்கைப் பிரித்து வைத்த பகுதியின்) எல்லை புது டிஸ்கைத் தாண்டி நின்றால் முரண்டு பிடிக்கும்.

சரி, பார்ட்டிஷனைச் சுருக்கலாம் என்று விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட்டைத் திறந்தேன். 300 ஜிபிக்கு மேல் காலியாக இருந்தும், 6 ஜிபிதான் சுருக்க முடியும் என்றது. காரணம், நகர்த்த முடியாத கோப்புகள். கம்ப்யூட்டர் தூங்கும்போது மெமரியை இறக்கி வைக்கும் ஹைபர்னேஷன் கோப்பு, மெமரி போதாதபோது பயன்படும் பேஜ் ஃபைல், சிஸ்டம் ரெஸ்டோர் சேமித்தவை ஆகியவற்றை விண்டோஸ் ஓடிக்கொண்டிருக்கும்போது இடம் மாற்ற முடியாது. அதில் ஒன்று டிஸ்கின் வால் பக்கம் உட்கார்ந்திருந்தால், வரிசையில் நடுவே ஒருவர் அசையாமல் நிற்பதுபோலத்தான். மூன்றையும் தற்காலிகமாக அணைத்து ரீஸ்டார்ட் செய்ததும் சுருங்கியது. குளோனைத் தொடங்கிவிட்டு டீ குடிக்கப் போனேன்.

திரும்பி வந்தபோது 37 சதவீதத்தில் நின்றிருந்தது. அரை மணி நேரம் கழித்தும் 37தான். டிஸ்கிலிருந்து ‘டிக்... டிக்...’ என்று சீரான சத்தம். ஹார்டு டிஸ்க் ரிப்பேர் செய்கிறவர்கள் இந்தச் சத்தத்தைக் கேட்டதும் முதலில் மின்சாரத்தைத்தான் நிறுத்துவார்கள்.

அந்தச் சத்தத்தின்போது உள்ளே நடப்பது இது. தட்டு நிமிடத்துக்கு 7,200 முறை சுற்றுகிறது, ஒரு சுற்றுக்கு 8.3 மில்லிநொடி. அதன் மேல் சில நானோமீட்டர் உயரத்தில், படிக்கும் முனையான ஹெட் மிதக்கிறது. படித்த பிட்டுகளில் சிறு பிழைகள் இருப்பது இயல்பு. கூடவே எழுதியிருக்கும் பிழைதிருத்தக் குறியீட்டைக் கொண்டு டிஸ்க் தானே சரி செய்துகொள்ளும், நமக்குத் தெரியவே தெரியாது. காந்தப் பதிவு திருத்தும் அளவையும் தாண்டி மங்கிப்போனால், டிஸ்க் அடுத்த சுற்றுக்குக் காத்திருந்து மறுபடி படிக்கும். ஹெட்டை மயிரிழை இப்படி நகர்த்தி, அப்படி நகர்த்தி, மறுபடி. நூறு முறை முயன்றால் ஒரு நொடிக்குப் பக்கம் போய்விடும். நல்ல இடத்தில் அந்த ஒரு நொடியில் 100 எம்பி படித்திருக்கும். இங்கே நான்கு கேபிக்காகப் போராடுகிறது. தோற்றதும் ‘முடியவில்லை’ என்று சொல்ல, ஆபரேட்டிங் சிஸ்டம் ‘இன்னொரு தடவை பார்’ என்று அதே இடத்துக்கு அனுப்புகிறது. அப்புறம் குளோன் மென்பொருளும் தன் பங்குக்குக் கேட்கிறது. மூன்று அடுக்குப் பிடிவாதம். பாவம், வயதான டிஸ்க் அடி வாங்குகிறது.

முதலில் பார்த்திருக்க வேண்டியதை அப்போதுதான் பார்த்தேன். டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்து வைக்கும் ஸ்மார்ட் பட்டியல். அதில் மூன்று வரிகள் போதும். 5ஆம் எண், ஏற்கெனவே கைவிட்டு வேறு இடத்துக்கு மாற்றிய செக்டர்கள். 197, படிக்க முடியாமல் தீர்ப்புக்குக் காத்திருப்பவை. 199, டிஸ்குக்கும் மதர்போர்டுக்கும் நடுவே வழியில் சிதைந்தவை. 199 மட்டும் ஏறிக்கொண்டே போனால் டிஸ்கைச் சந்தேகிக்காதீர்கள். நூறு ரூபாய்க் கேபிளை மாற்றுங்கள், பெரும்பாலும் தீர்ந்துவிடும். மச்சான் டிஸ்கில் 199 பூஜ்யம், 197இல் 24. அதாவது தட்டிலேயே கோளாறு. இப்படிப்பட்ட டிஸ்கில் போய் பார்ட்டிஷனைச் சுருக்கி, கோப்புகளை இங்கும் அங்கும் நகர்த்த வைத்தது என் தவறு. விண்டோஸின் டிஸ்க் சரிபார்க்கும் கருவியான செக்டிஸ்க்கை ஓட்டிச் சரிசெய்துவிட்டு நகல் எடுக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். அதுவும் இதே தவறுதான். முதலில் நகல், மராமத்து எல்லாம் நகலின் மேல்.

இந்த நிலைக்கென்றே இருக்கும் கருவி ஜிஎன்யு டிடிரெஸ்க்யூ. லினக்ஸ் பென்டிரைவிலிருந்து கம்ப்யூட்டரை எழுப்பி, அதாவது பூட் செய்து, ஓட்ட வேண்டும். சாதாரண குளோன் மென்பொருள் வரிசையில் முதல் ஆளிடமே சண்டை போட்டுக்கொண்டு நிற்கிறது. டிடிரெஸ்க்யூ பழம் பறிக்கத் தெரிந்தவன் மாதிரி கைக்கு எட்டுவதை முதலில் பறிக்கிறது. பிழை வந்தால் சட்டென்று அந்த இடத்தைத் தாண்டிக் குதித்து, நல்ல இடம் கிடைத்ததும் மறுபடி அள்ளுகிறது. பிறகு விட்ட இடங்களுக்கு எதிர்த் திசையிலிருந்து வருகிறது. ஓரங்களைச் சீவி, கடைசியில் செக்டர் செக்டராகச் சுரண்டுகிறது. எது எடுத்தாயிற்று, எது பாக்கி என்பதை ஒரு மேப் கோப்பில் எழுதிக்கொண்டே போவதால், நடுவில் கரண்ட் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். நம் ஊர்க் கோடையில் இது சின்ன வசதி இல்லை. டிஸ்க் செத்துக்கொண்டிருக்கிறது என்று வைத்துக்கொண்டு யோசித்தால் இந்த வரிசையின் அருமை புரியும். உயிர் போகும் முன் 99 சதவீதம் கைக்கு வந்துவிடும்.

வீட்டில் சும்மா கிடந்த 1 டிபி டிஸ்கில் மொத்தத்தையும் முதலில் இறக்கினேன். சுமார் மூன்று மணி நேரம். கடைசியில் படிக்க முடியாமல் நின்றது 8,192 பைட். வெறும் 16 செக்டர். இதுவும் தற்செயல் இல்லை. 2011க்குப் பிறகு வந்த டிஸ்குகள் பெரும்பாலும் உள்ளே 4,096 பைட்டாகத்தான் எழுதுகின்றன. வெளியே பழைய வழக்கப்படி 512 என்று சொல்லிக்கொள்கின்றன. அதனால் போகும்போது எட்டெட்டாகப் போகும். 24இல் எட்டு பிழைத்தது, பதினாறு போனது.

அந்த 1 டிபியிலிருந்து எஸ்எஸ்டிக்கு மாற்றுவது இருபது நிமிட வேலை. எஸ்எஸ்டியைப் பொருத்தி ஆன் செய்தேன். கறுப்புத் திரை. பூட் டிவைஸ் இல்லையாம்.

டிஸ்கின் முதல் செக்டரைக் கொஞ்சம் உற்றுப் பார்க்கலாம். 512 பைட்டில் முதல் 440, பூட் செய்யும் குட்டி நிரல். அடுத்த நான்கு பைட் டிஸ்கின் கையெழுத்து. பிறகு இரண்டு பைட் விட்டு, பார்ட்டிஷன் அட்டவணைக்கு 64 பைட், ஆளுக்கு 16 வீதம் நான்கு பார்ட்டிஷன். முடிவில் இரண்டு பைட் முத்திரை. அடிப்படையில் 1983இல் வந்த இந்த ஏற்பாடு இன்னும் லட்சக்கணக்கான கம்ப்யூட்டர்களில் ஓடுகிறது. விண்டோஸ் தன் பூட் குறிப்பில் ‘சி டிரைவில் இருக்கிறேன்’ என்று எழுதுவதில்லை. ‘இந்தக் கையெழுத்துள்ள டிஸ்கில், இத்தனையாவது பைட்டில் தொடங்கும் பார்ட்டிஷனில் இருக்கிறேன்’ என்றுதான் எழுதுகிறது.

இப்போது ஒரே கையெழுத்தோடு இரண்டு டிஸ்குகள் ஒரே கம்ப்யூட்டரில் மாட்டியிருந்தால்? விண்டோஸ் ஒன்றை ‘ஆஃப்லைன்’ என்று ஒதுக்கி வைக்கும். நாம் அதைப் பார்த்து, ஏதோ கோளாறு போல என்று ‘ஆன்லைன்’ பட்டனை அழுத்துவோம். விண்டோஸ் அதற்குப் புதுக் கையெழுத்தைப் போட்டுவிடும். உள்ளே இருக்கும் பூட் குறிப்போ பழைய கையெழுத்தையே தேடிக்கொண்டிருக்கும். குளோன் முடிந்ததும் நான் செய்ததும் அச்சு அசலாக இதுதான்: இரண்டையும் மாட்டியபடி விண்டோஸில் ஏறி, கோப்புகள் வந்திருக்கிறதா என்று ஆசையாகப் பார்த்தேன். அதனால், நகல் முடிந்த கையோடு கம்ப்யூட்டரை அணைத்து, பழைய டிஸ்கின் கேபிளைக் கழற்றிவிட்டு, புதியதை மட்டும் வைத்து முதல் தடவை ஆன் செய்ய வேண்டும். ஏற்கெனவே கை வைத்துவிட்டவர்கள் விண்டோஸ் இன்ஸ்டால் பென்டிரைவில் பூட் செய்து, கமாண்ட் திரையில் பிசிடிபூட் கட்டளையைக் கொடுத்தால் பூட் குறிப்பு புதிதாக எழுதப்படும். எனக்கு அதில் தீர்ந்தது.

உங்களுடையது புதிய வகை ஜிபிடி டிஸ்க் என்றால் கதை சற்று மாறும். அது பார்ட்டிஷன் அட்டவணையை இரண்டு பிரதியாக வைத்துக்கொள்கிறது, ஒன்று தொடக்கத்தில், மற்றது டிஸ்கின் கடைசிச் செக்டர்களில். 500 ஜிபியை 1 டிபிக்கு அப்படியே நகல் எடுத்தால், ‘கடைசி’ அட்டவணை டிஸ்கின் பாதியில் கிடக்கும். மீதி இடம் இருப்பதே அதற்குத் தெரியாது. லினக்ஸில் ஜிடிஸ்க் கருவி அதைத் தூக்கி உண்மையான வாலில் வைக்கும். இன்னொரு குழப்பமும் உண்டு. மேலே சொன்ன பழைய வகை டிஸ்கின் நகலை, யுஇஎஃப்ஐ என்ற புதிய பூட் முறையை மட்டுமே ஏற்கும் புது மதர்போர்டில் மாட்டினால், நகல் எத்தனை சுத்தமாக இருந்தாலும் அது திரும்பிக்கூடப் பார்க்காது.

சாட்டா கேபிளில் இணையும் டிஸ்கிலிருந்து, மதர்போர்டில் நேராகச் செருகும் என்விஎம்இ எஸ்எஸ்டிக்குத் தாவுகிறவர்களுக்கு நீலத் திரை வரும்: இன்அக்சஸிபிள் பூட் டிவைஸ். விண்டோஸ் எழும்போது தனக்குத் தேவைப்படும் டிரைவர்களை (வன்பொருளோடு பேசும் குட்டி நிரல்களை) மட்டும்தான் எழுப்பும். இத்தனை வருடம் சாட்டாவில் இருந்ததால் என்விஎம்இ டிரைவர் தூங்கிக்கொண்டிருக்கும். அதை ஏற்ற டிஸ்கைப் படிக்க வேண்டும், டிஸ்கைப் படிக்க அது வேண்டும். பெட்டிக்குள் சாவியை வைத்துப் பூட்டிய கதை. சேஃப் மோடில் ஒரு தடவை ஏற்றினால் அது அடிப்படை டிரைவர்கள் எல்லாவற்றையும் எழுப்பிப் பார்க்கும், பெரும்பாலும் அடுத்த தடவை தானே சரியாகிவிடும்.

பெரிய டிஸ்குக்கு மாறியும் சி டிரைவ் பெரிதாகவில்லை என்பார்கள். சி-க்கும் காலி இடத்துக்கும் நடுவில், விண்டோஸைச் சரிசெய்ய உதவும் ரெக்கவரி பார்ட்டிஷன் சுவராக நிற்கும். அதை வால் பக்கம் நகர்த்தினால் போதும். யுஎஸ்பி பெட்டியில் வைத்து நகல் எடுத்தபோது தெரிந்த கோப்புகள், உள்ளே மாட்டியதும் காணாமல் போவதும் உண்டு. சில பெட்டிகள் 512 செக்டரை 4,096 என்று மாற்றிச் சொல்லும், பார்ட்டிஷன் எண்கள் எல்லாம் எட்டு மடங்கு தப்பாகிவிடும். எக்ஸ்பி காலத்து டிஸ்கென்றால் பார்ட்டிஷன் 63ஆம் செக்டரில் தொடங்கும். 63 எட்டால் வகுபடாததால் ஒவ்வொரு சிறு எழுத்தும் இரண்டு 4 கேபி கட்டங்களில் கால் வைக்கும். நகல் ஓடும், மந்தமாக ஓடும். விஸ்டாவிலிருந்து 2,048இல் தொடங்குவதால் இந்தத் தொல்லை இல்லை.

மச்சானின் கம்ப்யூட்டர் இப்போது ஊதுபத்தி பற்றவைப்பதற்குள் எழுந்துவிடுகிறது. போன அந்த 8,192 பைட் எந்தக் கோப்புகளில் விழுந்தது என்று ராத்திரி உட்கார்ந்து தேடினேன். பாதி ஒரு பழைய விண்டோஸ் அப்டேட்டில். மீதிப் பாதி, 2019 மே மாத பில்லிங் பேக்கப்பில்.

“மே மாசமா? போகட்டும் விடுங்க” என்றார் மச்சான். பழைய டிஸ்கில் தேதி எழுதிய ஸ்டிக்கர் ஒட்டி, கல்லாப்பெட்டியின் அடித்தட்டில் வைத்திருக்கிறோம். மாட்டிப் பார்க்காதீர்கள் என்றும் அதில் எழுதியிருக்கிறது.