ரீமேப் செய்த காருக்கு எத்தனால் பெட்ரோல்: சட்டம் எதுவரை விடும்?

தண்டையார்பேட்டையிலோ மணலியிலோ எந்த பங்க்கில் வண்டியை நிறுத்தினாலும் சாதா பெட்ரோல் என்று வருவது இப்போது இ20தான், அதாவது 20 சதவீதம் எத்தனால். 2018-இல் வந்த தேசிய உயிரி எரிபொருள் கொள்கை இதற்கு 2030 வரை கெடு வைத்திருந்தது. 2022-இல் அந்தக் கெடுவையே 2025-26 என்று முன்னால் இழுத்துவிட்டார்கள்.

கார் எவ்வளவு எத்தனாலைத் தாங்கும் என்பதைத் தயாரிப்பாளரே வரையறுத்து, கண்ணில் படும்படி ஸ்டிக்கராக ஒட்ட வேண்டும் என்பது 2021 மார்ச்சில் வந்த மத்திய அரசு விதி. பெட்ரோல் மூடிப் பக்கம் தேடிப் பாருங்கள். ஆனால் அந்த ஸ்டிக்கர் பேசுவது கம்பெனியிலிருந்து வந்த இஞ்சினைப் பற்றி மட்டுமே. டர்போ (இஞ்சினுக்குள் காற்றை அழுத்தி ஏற்றும் கருவி) அழுத்தத்தைக் கூட்டி, ஈசியூவை ரீமேப் செய்த பிறகு, அதாவது இஞ்சினை ஆளும் கணினியில் எப்போது எவ்வளவு பெட்ரோல் விடுவது என்று எழுதிய மேப்பை மாற்றிய பிறகு, அந்த ஸ்டிக்கரை நம்பி உட்கார முடியாது.

ஏன் என்றால், ஒரு கிலோ பெட்ரோல் சரியாக எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 கிலோ போதும். இ20க்குக் கணக்குப் போட்டால் சுமார் 13.5 வரும்; அதாவது அதே காற்றுக்கு எரிபொருளைக் கொஞ்சம் கூடுதலாக விட வேண்டும். நிதானமாக ஓட்டும்போது ஆக்ஸிஜன் சென்சாரைப் பார்த்து ஈசியூ தானே பெட்ரோலைக் கூட்டிக்கொள்ளும். ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதித்தால் பல கார்களில் சென்சார் பேச்சு எடுபடாது, மேப்பில் எழுதியதுதான் கணக்கு. அந்த மேப் பழைய பெட்ரோலுக்கு எழுதியதென்றால் கலவையில் பெட்ரோல் குறைந்து இஞ்சின் சூடேறும். இத்தனைக்கும் இ20இன் ஆக்டேன் (நாக்கிங்கை, அதாவது எரிபொருள் தாறுமாறாக எரிந்து இஞ்சின் தட்டுவதைத் தாங்கும் திறனின் அளவு) சுமார் 95. பழைய சாதா பெட்ரோலுக்கு 91தான். நாக்கிங்கைத் தாங்கும் அந்தக் கூடுதல் பலம் கைக்கு வர வேண்டுமானால் இ20க்கென்றே மேப் எழுத வேண்டும். பழைய ஃபைலை ஏற்றிவிட்டு "எல்லாம் சரியா ஓடும் ஜி" என்பவரிடம் வண்டியைக் கொடுக்காதீர்கள்.

அப்புறம் இ85, அதாவது 85 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் மேல் ஆசை. 2024 மார்ச்சில் எத்தனால் 100 என்ற எரிபொருள் தமிழ்நாடு உட்பட சில மாநிலங்களில் தேர்ந்தெடுத்த பங்க்குகளுக்கு வந்தது. அது எத்தனால் எவ்வளவு கலந்தாலும் ஓடும்படி செய்த ஃப்ளெக்ஸ் ஃப்யூயல் வண்டிகளுக்கானது. அதை வாங்கி பெட்ரோலோடு கலந்து சாதாரண காரில் ஊற்றினால் பெரிய இன்ஜெக்டர், பம்ப் என்று இஞ்சினையே மாற்ற வேண்டிவரும். மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவுப்படி, ஆர்.சி. விவரம் தயாரிப்பாளர் கொடுத்ததிலிருந்து மாறும்படி வண்டியில் கைவைக்கக் கூடாது. எரிபொருளை மாற்ற வழி உண்டு, ஆனால் விதிகள் அனுமதித்த கிட்டோடுதான். மீறினால் 182ஏ பிரிவில் உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். மேப் மட்டும் மாற்றினால் ஆர்.சி.யில் தெரியாதே என்பது கேரேஜ் தைரியம். புகைச் சோதனை இருக்கிறது: பி.எஸ். 4 (பாரத் ஸ்டேஜ் என்ற புகை விதி) முதல் வந்த பெட்ரோல் காரில் கார்பன் மோனாக்சைடோடு, காற்றும் எரிபொருளும் சரியான அளவில் கலக்கின்றனவா என்று காட்டும் லாம்டா எண்ணையும் பார்ப்பார்கள்.

கேன் கணக்கில் ஸ்பிரிட் (எரிசாராயம்) வாங்கிக் கலக்கலாம் என்ற யோசனை வேண்டவே வேண்டாம். ஸ்பிரிட்டை வைத்திருப்பதும் கொண்டுபோவதும் தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டத்தின் கட்டுப்பாட்டில் வருகிறது. பெட்ரோலுக்கும் வரம்பு உண்டு: 1934ஆம் ஆண்டின் பெட்ரோலியம் சட்டப்படி விற்பனைக்கு இல்லாமல் 30 லிட்டர் வரைதான் உரிமம் இன்றி வைத்திருக்கலாம்.

வடசென்னைக்காரர்கள் மழைக்காலத்தில் இன்னொன்றைப் பார்க்க வேண்டும். வியாசர்பாடியிலும் கொருக்குப்பேட்டையிலும் தண்ணீர் தேங்கும்போது டேங்குக்குள் கொஞ்சம் போனாலும் எத்தனால் அதை இழுத்துக்கொள்ளும். அளவு மீறினால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து பிரிந்து அடியில் தங்கும். பம்ப் முதலில் உறிஞ்சுவது அதைத்தான். வாரக்கணக்கில் ஓட்டாமல் நிறுத்துவதாக இருந்தால் டேங்கை நிரப்பி வையுங்கள்.

பெட்ரோலில் எத்தனால் எவ்வளவு என்று சந்தேகம் இருந்தால் திறந்த வெளியில், அக்கம்பக்கத்தில் நெருப்பில்லாமல், அளவு போட்ட கண்ணாடிக் குழாயில் 10 மி.லி. தண்ணீரும் 90 மி.லி. பெட்ரோலும் ஊற்றிக் குலுக்கி நிற்கவிடுங்கள். எத்தனால் தண்ணீரோடு இறங்கிவிடும். இ20 என்றால் அடிப்பகுதி ஏறக்குறைய 28 மி.லி. கோட்டைத் தொடும். பங்க்கிலேயே ஃபில்டர் தாள் சோதனையும் அடர்த்தி அளவும் 5 லிட்டர் அளவுக் குடுவைச் சோதனையும் கேட்க வாடிக்கையாளருக்கு உரிமை உண்டு. பில்லைக் கையில் வைத்துக்கொண்டு கேளுங்கள்.