மேன்ஹோல் மூடியைத் திறக்காதீர்கள், தயவுசெய்து

இந்த மழைக்கும் அதே கதைதான். வேளச்சேரியில் ஓர் அடுக்ககம். தெருவில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றதும் நாலு பேர் கடப்பாரையோடு போய்ப் பாதாளச் சாக்கடை மூடியைப் பெயர்த்திருக்கிறார்கள். கொஞ்ச நேரத்தில் தரைத்தளத்துக் கழிவறைகள் பொங்கி, கூடத்துக்குள் வந்து, சம்ப்பிலும் (நிலத்தடித் தண்ணீர்த் தொட்டி) இறங்கிவிட்டது. "கார்ப்பரேஷன் ஒண்ணுமே பண்ணல சார்" என்று எனக்குப் போன்.

கழிவுநீர்க் குழாய் வேறு, மழைநீர் வடிகால் வேறு. எத்தனை தடவைதான் சொல்வது? சென்னையில் முன்னது குடிநீர் வாரியத்துடையது. கொடுங்கையூர், பெருங்குடி மாதிரி சுத்திகரிப்பு நிலையங்களுக்குப் போகிறது. பின்னது மாநகராட்சியுடையது, கால்வாய், ஆறு வழியாகக் கடலுக்கு. "ரெண்டும் பூமிக்கடியிலதானே சார்?" என்பவர்களுக்கு ஒரு கணக்கு. ஒரு கிரவுண்டு (2,400 சதுர அடி) மனையில் 10 செ.மீ. மழை பெய்தால் விழுவது ஏறக்குறைய 22,000 லிட்டர். ஐந்து பேர் குடும்பம், ஆளுக்கு 135 லிட்டர் தண்ணீர்ச் செலவு என்று வைத்தால் ஒரு நாளைக்கு 675 லிட்டர். ஒரு மாதத்துச் சாக்கடையை ஒரே நாளில் அந்தக் குழாய்க்குள் திணிக்கிறீர்கள். 2015 டிசம்பரிலும் 2023 மிக்ஜாமிலும் கொட்டியது 10 செ.மீ.யோடு நிற்கவில்லை. நிரம்பிய குழாய் பள்ளத்தில் இருப்பவர் வீட்டில்தான் எதிர்த்துக்கொண்டு வரும்.

திறந்ததை மூடுவதும் இல்லை. ஒரு வேப்பங்கிளையைச் செருகிவிட்டுப் போய்விடுகிறார்கள். கரண்ட் இல்லாத ராத்திரியில் அது யார் கண்ணுக்குத் தெரியும்?

மொட்டைமாடிக் குழாய் இன்னொரு வில்லன். மழைநீர் சேகரிப்பு 2003லேயே கட்டாயமாகிவிட்டது. மாடிக் குழாய் அதற்கான குழிக்குத்தான் போக வேண்டும். பிளம்பரோ, பக்கத்தில் இருக்கிறதே என்று சாக்கடைச் சேம்பரில் (வீட்டுக் கழிவுநீர்க் குழாய்கள் சேரும் தொட்டி) சொருகிவிட்டுப் போயிருப்பார். மஞ்சள் கரைத்த ஒரு வாளித் தண்ணீரை மாடியில் ஊற்றுங்கள். சேம்பரில் மஞ்சளாக வந்தால் இணைப்பை மாற்றுங்கள், அக்டோபருக்குள்.

தெரு வடிகாலின் கம்பி வலையில் சேரும் பாலிதீன் குப்பையை மழைக்கு முன்பே இரண்டு பக்கத்து வீட்டுக்காரர்களும் சேர்ந்து எடுங்கள். அடைப்பு உள்ளே என்றால் மாநகராட்சியின் 1913 எண்ணுக்குச் சொல்லுங்கள். ஆளை மட்டும் உள்ளே இறக்காதீர்கள். சாக்கடைக்குள் பாதுகாப்புக் கருவி இல்லாமல் ஆளை இறக்குவது, கையால் மலம் அள்ளுவதைத் தடுக்கும் 2013 சட்டப்படி குற்றம், அதைவிட முக்கியமாக விஷவாயு. சம்ப்பின் வாயைச் செங்கல் வைத்து உயர்த்துங்கள். மீட்டர் பெட்டி இடுப்புக்குக் கீழே இருந்தால் மேலே ஏற்றச் சொல்லி மின்வாரியத்தில் மனுக் கொடுங்கள்.

பள்ளத்தில் உள்ள கட்டடங்கள் சேம்பரில் நான்-ரிட்டர்ன் வால்வு (தண்ணீரை வெளியே மட்டும் விட்டு, திரும்பி வராமல் தடுப்பது) போடலாம். ஆனால் வெள்ளத்தில் அது மூடியிருக்கும்போது மூன்றாவது மாடியில் வாஷிங் மெஷின் ஓடினால் அந்தத் தண்ணீர் தரைத்தளத்துப் பாட்டியின் குளியலறையில்தான் வரும். வாட்ஸ்ஆப் குழுவில் குட் மார்னிங் போடுகிறவர்கள் இதையும் ஒருமுறை போடுங்களேன்.

சம்ப்பில் சாக்கடை கலந்துவிட்டதா? ஆர்.ஓ. சுத்திகரிப்பு மெஷின் இருக்கிறதே என்று குடிக்காதீர்கள். முழுதும் இறைத்து, பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்து, அந்தத் தண்ணீரையும் வெளியேற்றிய பிறகே புதுத் தண்ணீர். அதுவரை லாரித் தண்ணீரையும் கொதிக்க வைத்தே குடியுங்கள்.