நிலக்கரி தரும் சில விநாடிகள்

சூரிய ஒளியும் காற்றும் மலிவாகிவிட்ட பிறகும் அனல்மின் நிலையங்களை ஏன் உடனே மூடிவிடக் கூடாது என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். இரவில் வெயில் இல்லை என்பது எல்லோருக்கும் தெரிந்த விடை. மின்கலச் சேமிப்பும் நீரேற்று மின் திட்டங்களும் அந்தக் குறையை ஓரளவு ஈடுசெய்கின்றன. என்னைக் கவர்வது மணிக்கணக்கில் நேரும் அந்தப் பற்றாக்குறை அன்று. விநாடிக்கணக்கில் நேரும் வேறொரு சிக்கல்.

மின் நிலையங்களையும் நுகர்வோரையும் இணைக்கும் வலையான மின்தொகுப்பில் உற்பத்தியும் நுகர்வும் ஒவ்வொரு கணமும் சமமாக இருக்க வேண்டும். மின்னோட்டம் விநாடிக்கு 50 முறை அலைவுறும், அதாவது அதிர்வெண் 50 ஹெர்ட்ஸ் கொண்ட மின்தொகுப்பில் ஓர் அனல்மின் நிலையத்தின் டர்பைனும் ஜெனரேட்டரும் சேர்ந்த சுழலச்சு பொதுவாக நிமிடத்துக்கு 3,000 முறை சுழலும். நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தொலைவிலுள்ள இயந்திரங்களும் ஒரே நுகத்தில் பூட்டியவைபோல ஒரே தாளத்தில் சுழல்கின்றன. திடீரென ஒரு நிலையம் நின்றுவிட்டால், அந்தக் கணமே எஞ்சிய இயந்திரங்கள் கூடுதல் சுமையை ஏற்கின்றன. அவற்றின் சுழற்சியில் அடங்கியுள்ள இயக்க ஆற்றல் மின்சாரமாக மாறி வெளியேறுவதால் சுழற்சி சற்றே மந்தமாகி, அதிர்வெண்ணும் இறங்குகிறது. இதற்கு எவரும் ஆணையிட வேண்டியதில்லை, கணினியும் தேவையில்லை. பள்ளியில் படித்த நிலைமம்தான், ஒரு பொருள் தன் வேகம் மாறுவதை எதிர்க்கும் அந்தப் பண்புதான், இங்கே வேலை செய்கிறது. எத்தனை முறை எண்ணிப் பார்த்தாலும் எனக்கு வியப்பு தீராத இடம் இது.

500 மெகாவாட் சுழலச்சு ஒன்று, அதே திறனை 4 விநாடிகளுக்குத் தரும் அளவு, அதாவது 2,000 மெகாஜூல் ஆற்றலைத் தேக்கியிருப்பதாகக் கொள்வோம். அதிர்வெண் 50லிருந்து 49 ஹெர்ட்ஸுக்கு இறங்குவதற்குள் அதில் 4 விழுக்காடுதான் வெளிப்படும். அற்பமாகத் தோன்றும் இந்த அளவே, நீராவி வால்வுகள் திறந்து உற்பத்தி கூடுவதற்கான அவகாசத்தைத் தருகிறது. சுழலும் நிறை பாதியானால் அதிர்வெண் இருமடங்கு வேகத்தில் சரியும்.

சூரியத் தகட்டில் சுழலும் பொருள் எதுவும் இல்லை. காற்றாலையின் இறகுகள் சுழன்றாலும், பெரும்பாலான புதிய காற்றாலைகளில் மின்னணுக் கருவிகள் குறுக்கே நிற்பதால் அந்த நிறையை மின்தொகுப்பு நேரடியாக உணர்வதில்லை. தென் ஆஸ்திரேலியாவில் 2016 செப்டம்பர் 28 அன்று புயல் மின்கோபுரங்களைச் சாய்க்க, காற்றாலைகள் சிலவற்றின் பாதுகாப்பு அமைப்புகள் உற்பத்தியைக் குறைக்க, அண்டை மாநில இணைப்பும் அறுந்தது. அதிர்வெண் சரிந்த வேகத்துக்கு, சுமையைக் குறைக்கச் சில பகுதிகளின் மின்சாரத்தைத் தானே நிறுத்தும் தானியங்கி மின்துண்டிப்பு ஈடுகொடுக்க முடியாமல் மாநிலமே இருண்டது. காற்றாலைதான் குற்றவாளி என்று சிலர் அப்போது முழங்கினர். அந்தக் காற்றாலைகளின் பாதுகாப்பு அமைப்பில் செய்த மாற்றங்களே சிக்கலின் ஒரு பகுதியைத் தீர்த்தன என்பதை அவர்கள் சொல்வதில்லை.

நிலக்கரியிடமும் குறை உண்டு. கொதிகலன் மெல்லத்தான் சூடேறும். குறைந்தபட்சச் சுமைக்குக் கீழே தீ நிலையாக எரியாது. நண்பகலில் சூரிய மின்சாரம் பெருகும்போதும் நிலக்கரி நிலையத்தால் முழுமையாக ஒதுங்க இயலாது. மேலும், நமக்குத் தேவையான நிலைமம் நிலக்கரிக்கே உரியதன்று. நீர், அணு, எரிவாயு நிலையங்களிலும் அது உண்டு. எரிபொருளே இல்லாமல், மின்தொகுப்போடு இணைந்து வெறுமனே சுழலும் ஒத்தியங்கு மின்தேக்கிகள் (synchronous condensers) என்னும் இயந்திரங்களும் அதைத் தரும். தென் ஆஸ்திரேலியா கனமான சுழல்சக்கரங்களுடன் அப்படி நான்கை நிறுவியது. நிலைமத்தைத் தனிச் சேவையாக விலைகொடுத்து வாங்கத் தொடங்கிய பிரிட்டன், 2024 செப்டம்பர் 30 அன்று தன் கடைசி நிலக்கரி மின்நிலையத்தை மூடியது.

சுழலும் இயந்திரத்தைப் போல நடந்துகொள்ளும் புதிய வகை இன்வெர்ட்டர்களும், அதாவது சூரியத் தகடு போன்றவற்றின் நேர்மின்சாரத்தை மின்தொகுப்புக்கேற்ற மாறுமின்சாரமாக்கும் கருவிகளும், வந்துள்ளன. புதிய சூரியத் தகடுகளுக்குக் கிடைக்கும் கவனமும் பணமும் இன்வெர்ட்டர்களை இப்படி நடக்கச் செய்யும் கட்டுப்பாட்டு ஆய்வுக்குக் கிடைப்பதில்லை என்பது என் வருத்தம்; திறப்பு விழா நடத்த வசதியற்ற துறை அது. ஆகவே ஒவ்வோர் அனல்மின் நிலையத்தையும் மூடும் முன் அது எத்தனை மெகாவாட் தருகிறது என்பதோடு, எத்தனை விநாடி அவகாசம் தருகிறது என்றும் கணக்கிட வேண்டும். சில இடங்களில் உலையை அணைத்து, டர்பைனைக் கழற்றிவிட்டு, பழைய ஜெனரேட்டரை மட்டும் மின்தொகுப்போடு சுழலவிட்டிருக்கிறார்கள்.